ஆஸ்துமா பிள்ளையை விளையாட விடலாமா? பள்ளியில் விலக்குக் கடிதம் கேட்கிறார்கள்

#1 | நிலாம்மா | திருச்சி

வணக்கம். என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான், 9 வயது. சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. சளி பிடித்தால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும், மாடிப்படி ஏறினால் இருமுவான். போன வருடம் பள்ளியில் ஓட்டப் பயிற்சியின்போது இழுப்பு வந்துவிட்டது. அலுவலக அறையில் உட்காரவைத்து எனக்கு போன் போட்டார்கள். இப்போது ஆண்டு விளையாட்டு விழா வருகிறது. "உடல்நலக் காரணத்தால் என் மகனுக்கு உடற்கல்வி வகுப்பு, விளையாட்டுப் போட்டி, பள்ளிச் சுற்றுலா மூன்றிலிருந்தும் விலக்கு அளிக்கவும்" என்று அவர்களே அச்சடித்து ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

மாமியார் போட்டுக் கொடுத்துவிடு என்கிறார். "ஓடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது, பிள்ளை நல்லா இருந்தால் போதும்" என்பது அவர் கட்சி. கணவருக்கு இரண்டு மனம். எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் எங்கள் தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். இவன் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவான். பழைய கணக்கு நோட்டைத் திருப்பிப் பிடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எந்த ஓவரில் எந்தப் பந்தில் யார் அவுட் என்று அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறான். அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தெருவில் உள்ள எல்லாப் பையன்களின் பெயரும் இருக்கிறது. ஒரு பக்கத்தில்கூட இவன் பெயர் இல்லை.

சால்ப்யூட்டமால் இன்ஹேலர் வீட்டில் இருக்கிறது, இழுப்பு வந்தால் ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாய்) வைத்துக் கொடுப்போம். தினமும் எடுக்கவேண்டிய இன்னொன்றும் டாக்டர் எழுதித் தந்தார். அது ஸ்டீராய்டு என்பதால் வீட்டில் எதிர்ப்பு, கொடுப்பதில்லை. கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 | கொங்குத்தங்கை | கோவை

போடாதீர்கள் அக்கா. சுற்றுலாவையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பஸ்ஸில் உட்கார்ந்து போய்க் கல்லணையைப் பார்த்துவிட்டு வருவதற்கு என்ன விலக்கு? பிள்ளையின் நெஞ்சைப் பற்றிய கவலை இல்லை இது, பொறுப்பைக் கைகழுவுகிற வேலை.

என் மகளுக்கும் இதே பிரச்சனைதான். பரதம் ஆடுகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள். பவுலா ராட்கிளிஃப் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 14 வயதில் அவருக்கு ஆஸ்துமா என்று கண்டுபிடித்தார்கள். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நீச்சலில் நான்கு தங்கம் வாங்கிய ஏமி வான் டைக்கனும் சின்ன வயதில் ஆஸ்துமாவுக்காகத்தான் நீச்சல் குளத்தில் இறங்கியவர். உங்கள் பையன் ஒரு நூறு மீட்டர் ஓடக்கூடாதா?

#3 | பொன்னிமணாளன் | கும்பகோணம்

தங்கச்சி சொல்வதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்வேன். ராட்கிளிஃப் கதையைச் சொல்லி ஒரு தாய்க்குத் தைரியம் கொடுப்பது சுலபம். அவர் முறையாக மருந்து எடுத்துக்கொண்டு, பயிற்சியாளரும் மருத்துவரும் பக்கத்தில் இருக்க ஓடியவர். நம் பிள்ளைகள் ஓடுவது புழுதி பறக்கும் மைதானத்தில். இன்ஹேலர் பையில் இருக்கும், பை மூன்றாவது மாடி வகுப்பறையில் இருக்கும்.

என் மகளுக்கு ஒரு போகியன்று வந்ததை நான் மறக்கமாட்டேன். தெரு முழுக்க டயர் எரித்த புகை. சென்னையில் 2018 போகிக்கு விமானங்களே தாமதமாகின, அந்த மாதிரி மூட்டம் எங்கள் தெருவில் ஒரு காலைப்பொழுது நின்றது. முதல் நாளிலிருந்தே அவளுக்குச் சளி வேறு. காலையில் பேச்சு பாதியில் நின்றது. "அப்பா... தண்..." என்றாள், "ணி" வரவில்லை. கழுத்துக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது, விலா எலும்பு எண்ணும்படி இழுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் மீட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், நிலாம்மா. பிள்ளையை விளையாட விடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் "ஒன்றும் ஆகாது, ஓடு" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். வீசிங் இருக்கும் பிள்ளை தினசரி மருந்து இல்லாமல் ஓடுவது வேறு, மருந்தோடு ஓடுவது வேறு. உங்கள் பதிவின் கடைசிப் பத்திதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

#4 | நெல்லைமருத்துவன் | திருநெல்வேலி

குழந்தைநல மருத்துவர். இணையத்தில் யாருக்கும் மருந்து எழுதமாட்டேன், ஆனால் பொன்னிமணாளன் கடைசியாகச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

முதலில், ஓடினால் ஏன் இழுக்கிறது? சும்மா இருக்கும்போது மூக்கு வழியாக மூச்சு விடுகிறோம். மூக்கு அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது வாய் வழியாக நிறையக் காற்று, காய்ந்த காற்று, உள்ளே போகிறது. சுவாசக்குழாயின் உள்பக்கம் வறண்டு போகிறது. ஏற்கெனவே அழற்சி இருக்கும் குழாய் அதைத் தாங்காமல் சுருங்குகிறது. பெரும்பாலும் ஓடும்போதே வராது, நிறுத்திய பிறகு சில நிமிடங்களில்தான் உச்சத்துக்குப் போகும். நிறையப் பிள்ளைகளுக்கு அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாகவே தணியும். ஆசிரியர் பார்வையில், "ஓட்டம் முடிந்து நன்றாகத்தானே நின்றான், திடீரென்று என்ன" என்று தோன்றும்.

இதில் முக்கியமான வார்த்தை "ஏற்கெனவே அழற்சி இருக்கும்" என்பதுதான். சால்ப்யூட்டமால் சுருங்கிய குழாயை விரிக்கும், சில மணி நேரத்துக்கு. அழற்சியை அது தொடாது. அழற்சியைக் குறைப்பது தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். அதை விட்டுவிட்டு இழுப்பு வரும்போது மட்டும் சால்ப்யூட்டமால் கொடுத்துக்கொண்டிருந்தால், பிள்ளை வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பான், மாடிப்படியில் இருமுவான். நீங்கள் எழுதியிருப்பது அதுதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் சால்ப்யூட்டமால் தேவைப்பட்டால், இரவில் இருமி எழுந்தால், விளையாட்டை நிறுத்த நேர்ந்தால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க அதுவே காரணம்.

என்னிடம் வரும் பெற்றோர் பலர் "இப்போ நல்லா இருக்கான் டாக்டர்" என்பார்கள். எப்படி என்று கேட்டால், "வெளியே விடுறதே இல்லை, ஓடவும் விடமாட்டோம்" என்பார்கள். ஓடாத பிள்ளைக்கு இழுப்பு வராதுதான். அதை வைத்து மருந்து வேலை செய்கிறது என்றோ, மருந்து தேவையில்லை என்றோ எப்படி முடிவு செய்வது? தன் வயதுப் பிள்ளைகள் செய்வதையெல்லாம் அவனும் செய்ய முடிகிறதா என்பதுதான் சிகிச்சைக்கான பரீட்சை. முடியவில்லை என்றால் மாற்ற வேண்டியது சிகிச்சையை. பிள்ளையின் வாழ்க்கையைச் சுருக்கி நோய்க்குப் பொருத்தமாக்கக் கூடாது.

#5 | நிலாம்மா | திருச்சி

நன்றி டாக்டர். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் இரவு இருமல் உண்டு, மழைக்காலத்தில் அதிகம். ஆனால் ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் ஒரே வாக்குவாதம். வளர்ச்சி நின்றுவிடும், பழகிப்போய்விடும், இன்ஹேலர் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்கள். மாமியாரிடம் எதையும் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் சண்டைக்காகப் பேசுபவர் இல்லை. உண்மையாகவே பயப்படுகிறார்.

#6 | மீனாட்சி ஆச்சி | காரைக்குடி

அம்மா நிலா, உன் மாமியார் சார்பாக நான் கொஞ்சம் பேசுகிறேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் காலத்தில் இன்ஹேலர் கிடையாது, கிடைத்தாலும் எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்ததில்லை. என் தம்பிக்கு இழுப்பு வந்தால் ராத்திரியில் கம்பவுண்டரைக் கூட்டிவந்து டெரிஃபிலின் ஊசி போடுவார்கள். போட்டதும் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். விடிகிறவரை தூணில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பான், படுக்க முடியாது. நாங்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருப்போம். ஒரு மார்கழியில் அவன் போய்விட்டான்.

அதைப் பார்த்தவர்கள் ஓடாதே, ஆடாதே, மழையில் நனையாதே, தயிர் சாப்பிடாதே என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் கையில் இருந்த மருந்து அது ஒன்றுதான், "வேண்டாம்" என்பது. உன் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போ. உன் வாயால் சொல்வதைவிட அவர் வாயால் கேட்டால் கேட்டுக்கொள்வார். என் பேத்திக்கு வீசிங் வந்தபோது நான் அப்படித்தான் மனசு மாறினேன். இப்போது அவள் ஸ்பேசரைக் கழுவிக் காயவைப்பது என் வேலை.

#7 | நெல்லைமருத்துவன் | திருநெல்வேலி

ஆச்சி, உங்கள் பதிவை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.

நிலாம்மா, வளர்ச்சி பற்றிய கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகள் 1,041 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைட் (தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு) கொடுத்து, அவர்கள் பெரியவர்களானபின் அளந்து பார்த்தார்கள். மருந்தில்லாத பம்ப் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு. முடிவை 2012இல் வெளியிட்டார்கள். அவ்வளவுதான், கூடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நிறையக் குழந்தைகளுக்கு நாங்கள் கொடுப்பது அதைவிடக் குறைந்த அளவு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். கடுமையான இழுப்பு வந்தால் 20 கிலோ குழந்தைக்கு வாய்வழி ஸ்டீராய்டு குறைந்தது 20 மில்லிகிராம் ஒரே நாளில் கொடுப்போம். இன்ஹேலரில் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் என்றால், அது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வீரியமுள்ள மருந்தல்ல, இருந்தாலும் அளவு எங்கே இருக்கிறது என்று புரியும். மருந்தை நுரையீரலுக்கே நேராக அனுப்புவதால்தான் இவ்வளவு குறைவாகப் போதுமாகிறது. பழக்கமாகிவிடும் என்பது உண்மையல்ல. கட்டுக்குள் வந்தபின் படிப்படியாகக் குறைப்போம், சிலருக்கு நிறுத்தியும் விடுவோம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

#8 | விசில்சத்தம் | தஞ்சாவூர்

நான் உடற்கல்வி ஆசிரியர், அரசுப் பள்ளி. இந்த இழையில் எங்கள் தரப்பையும் சொல்லவேண்டும்.

பள்ளி அந்தப் படிவத்தை அனுப்பியது தப்பு. ஆனால் ஏன் அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். ஒரு பையனுக்கு மூச்சு வாங்குகிறது. இது ஓடிய களைப்பா, இழுப்பா என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்ஹேலர் எங்கே, எத்தனை பஃப் (எத்தனை முறை அழுத்துவது), எதுவும் தெரியாது. பயந்துபோனவர் அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையனை மரத்தடியில் உட்காரவைத்துவிடுவார். மற்ற பிள்ளைகளின் வாட்ச், செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவன் காவலில் இருக்கும். இது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. அந்தக் காவல்காரப் பையன்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்ட விதி ஒவ்வொன்றும் அவர்களுக்கு அத்துப்படி. அணி பிரிக்கும்போது மட்டும் யாரும் அவர்களைக் கூப்பிடமாட்டார்கள்.

நான் செய்வது என்னவென்றால், பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடாக்கவிடுவேன். நடை, மெல்லோட்டம், நடுவில் நாலைந்து சின்ன வேக ஓட்டம். இப்படிச் செய்துவிட்டு ஆட்டத்தில் இறங்கினால் நிறையப் பேருக்கு இழுப்பு வருவதே இல்லை. வகுப்பு முடியும்போதும் சட்டென்று நிறுத்தவிடமாட்டேன், ஒரு சுற்று நடக்கவைப்பேன். டாக்டர் சொல்லியிருந்தால், ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பு சால்ப்யூட்டமால் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். நிற்காமல் ஆறேழு நிமிடம் ஓடவேண்டியதுதான் இவர்களைப் பிடிக்கும். 1500 மீட்டர், கால்பந்தில் நடுக்களம், இதெல்லாம் கடைசியாக. கோ-கோ பாருங்கள், அருமையான ஆட்டம். துரத்துகிற பிள்ளை சில விநாடி பாய்ந்து ஓடும், "கோ" கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடும், மூச்சு திரும்பிவிடும். கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடிதான், ஆனால் மூச்சை அடக்கிப் பாடவேண்டும், புழுதி வேறு. தொடக்கத்தில் பிடிக்கிற பக்கத்தில் நிறுத்தலாம். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர், சுழல்பந்து, பிரச்சனையே இல்லை. வாலிபால், பூப்பந்து நல்லது. காலையில் மைதானத்தில் நாலு குடம் தண்ணீர் தெளித்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில், முந்தின இரவு இருமித் தூங்காத நாளில் ஓட்டம் கிடையாது. அந்த வாரம் நடுவர். அடுத்த வாரம் ஆட்டக்காரன். நடுவராக இருப்பது அவனுக்கு நிரந்தர வேலையாகிவிடக்கூடாது.

#9 | வடமராட்சியான் | பருத்தித்துறை

எனக்குச் சிறு வயதில் முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, கடுமை. இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஓட்டம், விளையாட்டு பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் வேறொன்று சொல்லவேண்டும்.

என்னை ஓடவிடாததைவிட எனக்கு அதிகம் வலித்தது மற்றவைதான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் போய்வருவார்கள். கற்பூரப் புகை, சனக்கூட்டம் என்று என்னை வீட்டில் விட்டுவிடுவார்கள். மாமா வீட்டில் இரவு தங்க விடமாட்டார்கள், அங்கே பூனை இருந்தது. கலியாண வீட்டில் சாம்பிராணி போட்டால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவா. இன்னொன்று, சத்தமாகச் சிரித்தால் எனக்கு இருமல் தொடங்கும், பிறகு நெஞ்சு அடைக்கும். வகுப்பில் பகிடி சொன்னால் எல்லோரும் சிரிக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். "இவனுக்குச் சிரிக்கத் தெரியாது" என்று ஒரு பட்டம் வந்தது. மருத்துவரிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை. இது ஒரு அறிகுறி என்று எனக்கே பெரியவனான பிறகுதான் தெரியும்.

நிலாம்மா, உங்கள் மகனிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அவனுக்கு எது செய்ய முடியாமல் இருப்பது கவலை என்று. நீங்கள் நினைப்பதாக இல்லாமலும் இருக்கலாம்.

#10 | கிள்ளான்_டீச்சர் | சிலாங்கூர்

தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலேசியாவில் எங்களுக்குப் புகைமூட்டம் பழகிய எதிரி. சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரிந்தால் இங்கே வானம் சாம்பல் நிறமாகிவிடும். 2015லும் 2019லும் பள்ளிகளையே மூடினார்கள். அந்த நாட்களில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளேயே இருப்பார்கள். அப்போது என் வகுப்பு ஆஸ்துமா பையன் ஒருவன் சொன்னான், "டீச்சர், இன்னைக்கு எல்லாரும் என்னை மாதிரி."

வகுப்பறைக்கு உள்ளேயும் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. இரவெல்லாம் இருமிய பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி வழியும். சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடும். அடிக்கடி விடுப்பு எடுப்பதால் பின்னம் நடத்திய வாரம் வந்திருக்காது, தசமம் நடத்தும்போது புரியாது. விளையாட்டில் இல்லை, படிப்பிலும் பின்தங்கல் என்றால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்? வகுப்பைப் பெருக்கும்போது தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குவது, பலகையை ஈரத்துணியால் துடைப்பது, இதற்கெல்லாம் காசு வேண்டாம்.

#11 | நெல்லைமருத்துவன் | திருநெல்வேலி

வடமராட்சியான் சொன்னது மருத்துவத்தில் உள்ளதுதான். 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான ஆஸ்துமா வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள் ஒன்றை எலிசபெத் ஜூனிப்பர் குழுவினர் 1996இல் உருவாக்கினார்கள். 23 கேள்விகள். அதில் ஒரு பகுதியில், ஆஸ்துமாவால் தனக்குத் தொல்லையாக இருக்கும் மூன்று செயல்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர் சொல்லக்கூடாது, மருத்துவர் சொல்லக்கூடாது. ஓடுவது, படியேறுவது மட்டுமல்ல, சிரிப்பது, தூங்குவது, பிராணிகளோடு விளையாடுவது என்று எதுவும் அதில் வரலாம்.

இன்னும் எளியது, 4 முதல் 11 வயதுக்கான ஏழு கேள்விப் பரிசோதனை. நான்கு கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லவேண்டும், எழுதத் தெரியாவிட்டாலும் சிரித்த முகம், அழுத முகம் படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். மூன்று கேள்வி பெற்றோருக்கு. மொத்தம் 27. 19 அல்லது அதற்குக் கீழே என்றால் கட்டுக்குள் இல்லை. நான் இதைச் செய்யும்போது அம்மாவைச் சற்று நேரம் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அம்மா "ஒன்றுமில்லை" என்ற இடத்தில் பிள்ளை அழுத முகத்தைத் தொடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

#12 | நிலாம்மா | திருச்சி

கேட்டேன். மூன்று சொல்லு என்றேன். கிரிக்கெட் என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன்.

முதலில் சொன்னது, கரும்பலகை துடைப்பது. அவர்கள் வகுப்பில் வாரம் ஒருவர் லீடர், லீடர்தான் பலகை துடைத்துத் தேதி எழுதுவார். சாக்பீஸ் தூள் ஆகாது என்று இவன் முறை வரும்போதெல்லாம் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுகிறார்களாம். இரண்டாவது, முசிறியில் என் அம்மா வீட்டுக்குப் போனால் மாமா பிள்ளைகளோடு மொட்டை மாடியில் படுப்பது. பனி என்று இவனை மட்டும் கீழே படுக்கவைப்போம். அவர்கள் மாடியில் பேசிச் சிரிக்கிற சத்தம் கீழே கேட்குமாம். கிரிக்கெட் மூன்றாவதுதான். அதுவும் "பேட்டிங் வேண்டாம்மா, ஃபீல்டிங் நிக்கணும்" என்கிறான். பந்து போனால் எல்லோரும் கத்திக்கொண்டே ஓடுவார்களே, அது வேண்டுமாம்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏழு கேள்விப் பரிசோதனையும் செய்தார், 16 வந்தது. தடுப்பு இன்ஹேலர் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். நான் ஸ்பேசரில் கொடுக்கும் விதத்தையும் செய்துகாட்டச் சொல்லித் திருத்தினார். மாமியார் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். தயிர், வாழைப்பழம் பற்றியும் கேட்டார்.

#13 | கொங்குத்தங்கை | கோவை

அதற்கு என்ன சொன்னார்? எங்கள் வீட்டிலும் அதுதான் பெரிய பிரச்சனை. பிறந்தநாள் விழாவுக்குப் போனால் ஐஸ்கிரீம் கூடாது, மோர் கூடாது, கேக் கூடாது என்று பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஹைதராபாத் மீன் மருந்துக்கும் போகச் சொல்கிறார்கள்.

#14 | நெல்லைமருத்துவன் | திருநெல்வேலி

ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்டதும் உங்கள் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் இழுக்கிறது என்று கண்ணால் பார்த்திருந்தால், அந்த ஒன்றை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மொத்தமாகத் தடைபோட அவசியமில்லை. மீனை உயிரோடு விழுங்கவைப்பதால் ஆஸ்துமா குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. தூதுவளை ரசம் தாராளமாகக் கொடுங்கள், இன்ஹேலரை நிறுத்தாமல். பிறந்தநாள் விழாவில் நான் பயப்படுவது ஐஸ்கிரீமுக்கு அல்ல, முகத்தில் அடிக்கிற நுரை ஸ்ப்ரேக்கும் மூடிய அறையில் கொளுத்துகிற மத்தாப்புக்கும்தான்.

#15 | நிலாம்மா | திருச்சி

எங்கள் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். பள்ளியின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் அவர் எழுதித் தந்த திட்டத்தை வைத்து நானே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பார்த்துத் திருத்துங்கள்.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியருக்கு. என் மகனுக்கு ஆஸ்துமா உள்ளது, தினமும் மருந்து எடுத்துவருகிறான். உடற்கல்வி வகுப்பு, விளையாட்டு விழா, சுற்றுலா அனைத்திலும் அவன் கலந்துகொள்ள மருத்துவர் அனுமதித்துள்ளார். சான்றிதழ் இணைத்துள்ளேன். சால்ப்யூட்டமால் இன்ஹேலரும் ஸ்பேசரும் அவன் பையிலேயே இருக்க அனுமதிக்க வேண்டுகிறேன். மைதானத்துக்குப் போகும்போது அந்தப் பையும் உடன் போகவேண்டும். இருமல் நிற்காவிட்டாலோ நெஞ்சு இறுக்கமாக இருப்பதாக அவன் சொன்னாலோ, நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கு கொடுக்கவும். ஒவ்வொரு பஃப்புக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பொறுத்தும் சரியாகாவிட்டால் மறுபடி நான்கு கொடுத்துவிட்டு எனக்கு போன் செய்யவும். அவன் முறை வரும்போது கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்க அனுமதிக்கவும்."

#16 | பொன்னிமணாளன் | கும்பகோணம்

நல்ல கடிதம். ஒன்று சேர்க்கவேண்டும், தயவுசெய்து. "எனக்கு போன் செய்யவும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் போனை எடுக்காவிட்டால்? இரண்டாவது நான்கு பஃப்புக்கும் சரியாகாவிட்டால் முதலில் 108 ஆம்புலன்ஸ், அப்புறம்தான் அம்மா. பேச முடியாமல் வார்த்தை உடைந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சுக்கு விலா உள்ளே இழுத்தால், எதற்கும் காத்திராமல் உடனே 108, வண்டி வரும்வரை பஃப் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்து போகிறது என்றால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம். இதைத் தனி வரியாகக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

#17 | கிள்ளான்_டீச்சர் | சிலாங்கூர்

இன்னொரு ஸ்பேசர் வாங்க யோசித்தால், அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் போதும். அடிப்பக்கத்தில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டால் ஸ்பேசர் தயார். தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் குழுவினர் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, கடையில் வாங்குவதற்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999இல் எழுதினார்கள். எங்கள் பள்ளி முதலுதவிப் பெட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன்.

#18 | நிலாம்மா | திருச்சி

108 வரியைச் சேர்த்துவிட்டேன் அண்ணா, அபாய அறிகுறிகளையும் பெரிய எழுத்தில் போட்டாகிவிட்டது. விளையாட்டு விழாவில் எதற்குப் பெயர் கொடுக்கலாம், விசில் சார்? இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

#19 | விசில்சத்தம் | தஞ்சாவூர்

ஆறு வாரம் தாராளம். தடுப்பு மருந்து வேலை செய்ய முதல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள், அதுவரை தெருவில் ஃபீல்டிங் நிற்கட்டும். அதற்குப்பின் 50 மீட்டர், 100 மீட்டர், தொடர் ஓட்டத்தில் ஏதாவது ஒரு கால், மூன்றும் அவனுக்குச் சரிப்படும். நான் தொடர் ஓட்டத்தையே சொல்வேன், நான்கு பேர் கொண்ட அணியில் அவனும் ஒருவனாக இருப்பான். கடிதத்தை அஞ்சலில் அனுப்பாமல் உடற்கல்வி ஆசிரியரை நேரில் பார்த்துக் கொடுங்கள். பஃப் எப்படிக் கொடுப்பது என்று உங்கள் மகனையே அவருக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள். இன்ஹேலரின் காலாவதித் தேதியையும், இன்னும் எத்தனை பஃப் மிச்சம் இருக்கிறது என்பதையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பள்ளிப் பையில் தீர்ந்துபோன டப்பாவைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.